சப்ஜாப் பொடியில் ஏலக்காய் வாசம்

"வாசமா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மதினி."

போடியிலிருந்து சிலமலை போகும் பஸ்சில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பேசியவள் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"வாசமா இருந்தா நல்லதுதானத்தா?"

"மாத்திரை உதிராம ஒட்டி நிக்கிறதுக்குச் சேக்குற பொடி மதினி. அதுல எந்த வாசமும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க மாத்திரைக் கம்பெனியில. சப்ஜா விதைய ஊறப்போட்டு, கொழகொழப்ப மட்டும் துணியில வடிச்சு எடுத்தேன். சூடு சீரா இருக்குமேன்னு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்ல கொண்டுபோய்க் காயவச்சுட்டேன்."

"இந்தச் சோலியே வேணாம், விட்ருத்தா."

"விட மாட்டேன். திரும்ப ஊறப்போட்டாச்சு. இந்தா, தூக்குல இருக்கு."

"எங்க காயவைப்ப? போடியில ஏலக்காய் வாசம் இல்லாத எடம் ஏது?"

"அதான் சிலமலைக்குப் போறேன். அக்கா வீட்டுல சின்னதா ஒரு டிரையர் வாங்கி வச்சிருக்கேன்."

மதினி ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். முந்தானையை உதறிச் செருகியபோது என் சீட்டு வரை மணத்தது.

"கோவிச்சுக்கிராதீங்க மதினி" என்று தூக்கோடு எழுந்தவள், சிலமலை வரும்வரை படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வந்தாள்.