சண்முகப்ரியா நெத்தியில ஆறு வருசம்

...போகவே மாட்டேங்குதுங்க. ஆறு வருசமா என்ற நெத்தியிலயே குந்தியிருக்குது. சித்தெ தலையச் சாச்சுக்குங்க அம்மணி. பேசீராதீங்க, மூஞ்சியில பூசுன பச்சைப் பேக் விரிஞ்சுபோயிரும். நாம்பேசறேன்.

வைரஸுங்க. பாப்பிலோமாவோ என்னமோ. நாக்குல நிக்க மாட்டேங்குது, நெத்தியில மட்டும் நிக்குது.

கொரோனாவுக்கு முந்தி, டாக்டருக்குப் படிக்கற மேக்னான்னு ஒரு புள்ள சூலூர்ல கடை கடையா வந்துச்சு. நோவு நொடி இல்லாதவங்க தோலுதான் ஆராய்ச்சிக்கு வேணும்னுச்சு. சண்முகப்ரியா பார்லர்னா சும்மாவான்னு நெத்தியக் காட்டிப்போட்டேன். ஈரப்பஞ்ச வெச்சு நாலு தேய்ப்பு. போன வருசம் மறுக்கா வந்து அதே எடத்துல அதே தேய்ப்பு. பொறவு ஒரு காயிதம் அனுப்புச்சு, போனும் பண்ணுச்சு. அன்னைக்கு இருந்த அதே வைரஸு, அதே ரகம், இன்னும் அங்கயே இருக்குதாமாங்க. மரு இல்ல, அரிப்பு இல்ல, ஒரு அடையாளமில்ல. பப்பாளி பேசியல், கோல்டு பேசியல்னு நான் போட்டதயெல்லாம் தின்னுபோட்டு அதுதான் பளபளன்னு இருக்குதாட்ட இருக்குது.

சண்டைக்குப் போனேன். அந்தப் புள்ள சிரிக்குது. நல்ல தோல்லயும் இது இருக்கறதுதானுங்கக்கா, நெறையப் பேருக்கு வருசக்கணக்குல போகாது, ஒண்ணும் பண்ணாதுங்குது.

எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க. கடையத்தான் பண்ணிப்போடுச்சு. ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லி வெச்சிருந்த நாலு பொண்ணுங்க, எதுத்தாப்புல எழிலு பார்லருக்குப் போயிட்டாளுங்க. எங்கூட்டுக்காரரு சுரேந்தரு தலகாணியத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. கலியாணத்தன்னைக்குப் பொட்டு வெச்சதோட சரி, பதினாலு வருசமா அந்தாளு இந்த நெத்தியத் தொட்டதில்ல. அவருக்கு என்ன பயம்?

ஊட்டுக்காரரத் தவுத்து ஒரு ஈ காக்காய்க்கு நான் சொல்லலீங்க. அப்ப யாரு பரப்புனது? எழிலுதான்னு நெனச்சு, நடு ரோட்டுல நின்னு அவளக் கிழிச்சுப்போட்டேன். அவ என்ற கையப் புடிச்சு என்ற கடைக்கே கூட்டியாந்து, கண்ணாடிக்கு மேல காட்டுனா.

அந்தக் காயிதந்தானுங்க. இங்கிலீசுல மொத வரி 'ஆரோக்கியமான தோல்'னு இருந்துது. நான் படிக்கறத அதோட நிறுத்திட்டு, லேமினேசன் பண்ணி நானே மாட்டியிருந்தேன். வைரஸுன்னு போட்டிருந்த ரெண்டாவது வரிய, புருவ த்ரெட்டிங்குக்கு ஒக்காந்த அத்தனை பேரும் படிச்சிருக்காங்க.

மானம் போச்சு. எழிலுகிட்ட மன்னிப்புக் கேட்டேனுங்க. அவ தண்ணி குடுத்தா.

கழட்டி உள்ள வெச்சுட்டேன். இப்பெல்லாம் வாரவங்ககிட்ட நானே பக்குவமா எடுத்துச் சொல்லீர்றேன். பயப்படாதீங்க, உங்க நெத்தியிலயும் இருக்கும், இத்தன நேரம் தேச்சதுல என்ற வைரஸு உங்களுக்கும் உங்களது எனக்கும் கொஞ்சம்...

ஏனுங்க. எந்திரிக்காதீங்க, இன்னும் காயலீங்க. அம்மணி, மூஞ்சியக் கழுவிட்டாச்சும் போங்க... அந்தப் பச்சை மூஞ்சியோட எழிலு கடைக்கு மட்டும் போயிராதீங்க.