ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்

போங்க தம்பி, போங்க, நிறுத்தாதீங்க! எவனோ பின்னால பஸ்ஸத் தட்டிக்கிட்டு ஓடியாறான்னா ஒடனே விசில வாய்க்குக் கொண்டு போறீங்களே... பஸ்ஸு நின்னப்ப ஏறாதவன் இப்ப எதுக்கு ஓடியாறான்? இப்படி ஒவ்வொருத்தனுக்கா நின்னா நான் எப்ப சென்ட்ரல் பஸ்ஸ்டாண்டு போயி, எப்ப தஞ்சாவூர் பஸ்ஸப் புடிச்சு, எப்ப கீவளூர் போய்ச் சேர்றது? ஆங்... அப்படிப் போங்க.

பாத்தியாம்மா இவனுவள? நீ என்ன திரும்பித் திரும்பிப் பாக்குற, விடு. கொஞ்சம் தள்ளி உக்காரு. அந்தப் பொட்டியக் காலுக்கு நடுவுல வச்சுக்க. நீயும் பிளேன்ல வந்தவதானா? வாயத் தொறந்து பேசேன்... சரி, தலையாவது ஆட்டு. ஒன்னையக் கூட்டிப்போவ யாரும் வரலியா? குடுத்து வச்சவ போ! எம்மவனக் கூட்டிப்போவ ஒரு வேன் நெறைய ஆளு வந்துச்சு. அதுல வந்தவதான் நானு. இப்ப டவுன் பஸ்ல போறேன், பாத்துக்க.

எம்மவன் பேரு ஜாஃபர் சாதிக்கு. ஷார்ஜாவுல இருக்கான். மூணு வருசம் கழிச்சு இன்னிக்குக் காலையிலதான் எறங்குனான். அவன் பக்கத்துல உக்காந்து ஊரு வரைக்கும் போவணும், அவ்ளோதாம்மா என் ஆச. வேற ஏதாவது கேட்டேனா? வீட்டுக்குப் போயிட்டா அவன் எனக்கா கெடைப்பான்? பொண்டாட்டி ஒரு பக்கம், கூட்டாளிங்க ஒரு பக்கம், வாசல்ல செருப்பு விட எடம் இருக்காது. வேன்ல போற நேரம் மட்டும்தான் எனக்குன்னு மனசுல நெனச்சு வச்சிருந்தேன். அவனுக்கு எறால் வாடான்னா உசுரு, வட மாதிரிதான், மேல எறால் வச்சது. விடியக்காலம் எந்திரிச்சு, மாவப் பெசஞ்சு, சுட்டு, டப்பாவுல போட்டு எடுத்தாந்தேன். வண்டி கெளம்பினதும் ஒவ்வொண்ணா அவன் கையில குடுக்கலாம்னு... இந்தா பாரு, மடியிலயே கெடக்கு.

இந்தா, ஒண்ணு எடுத்துக்க. எடுங்குறேன்ல! அவனுக்குக் கொண்டாந்ததுதான், பரவால்ல, நீ தின்னு. எறால் திம்பீல்ல? அப்பறம் என்ன கூச்சம்.

எங்க விட்டேன்... ஆங், வேன். எங்க பக்கம் ஒரு பழக்கம். வெளிநாட்டுலேருந்து ஆளு வந்தா, கூட்டியாரப் போறப்ப சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் எல்லாரையும் வேன்ல ஏத்திக்கணும். ஒருத்தர விட்டாலும் போச்சு, சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. போன வருசம் எங்க நாத்தனா இர்ஃபானா, அவ மவன் வந்தப்ப ஒரு காரப் புடிச்சுக் கமுக்கமாப் போயிட்டு வந்துட்டா. விட்டனா நானு? அதுலேருந்து அவ வீட்டுப் பச்சத்தண்ணி தொடல. நோன்புக் கஞ்சி குடுத்து விட்டா, தூக்கோட திருப்பி அனுப்பினேன். இப்ப என் மொற வருது. நான் யார விட முடியும், நீயே சொல்லு.

அதனால மொத ஆளா இர்ஃபானா. அப்பறம் அவ மக, மருமவன், அவங்க புள்ளைங்க. பக்கத்து வீட்டு மங்களாம்பிகை. அந்தப் பொம்பள பாவம், "குறுவ நெல்லு சாஞ்சு கெடக்குக்கா, அறுப்பு மிஷினு இன்னிக்குத்தான் வருது, நான் வரல"ன்னா. நாந்தான், "அப்ப எங்க ஜாஃபர் ஒனக்குப் புள்ள இல்லியா"ன்னு ஒரு போடு போட்டேன். மிஷின்காரன வயல்ல விட்டுட்டு ஓடியாந்துட்டா. அவளுக்கு சன்னலோரம்தான் ஆவும், இல்லேன்னா வாந்தி எடுத்துருவா. வரப்பயே வேன்ல காத்து போவ எடமில்ல. எம்மருமவ ஷமீரா, "மாமி, வரப்போறவங்களுக்கு எடம்?"னு கேட்டா. "அதெல்லாம் அட்ஜஸ் பண்ணிக்கலாம், நீ சும்மா வா"ன்னு அதட்டிட்டேன்.

புது ஏர்போர்ட்டாமே! தரையில சோத்தக் கொட்டித் திங்கலாம், அப்படிப் பளபளன்னு வச்சிருக்கான். வச்சு என்ன, உள்ள விடமாட்டேங்குறான். கம்பிக்கு இந்தப் பக்கமே நில்லுங்குறான். எம்மவன் வண்டியத் தள்ளிக்கிட்டு வாறான். நான் கைய நீட்டுறேன்... அதுக்குள்ள இந்த இர்ஃபானா, மூட்டு வலி மூட்டு வலின்னு உருட்டுறவ, கம்பிக்கு அடியில குனிஞ்சு பூந்து போயிக் கட்டிப் புடிச்சுட்டா! எனக்கு அவன் முழங்கைதாம்மா ஆப்புட்டுச்சு. "எளச்சுட்டியேப்பா"ன்னேன். அவன் காதுல விழுந்துச்சோ என்னவோ.

சரி போவட்டும், பக்கத்துல உக்காந்து பேசிக்கலாம்னு வந்தா, சாமான் ஏத்துறப்ப வந்துச்சு வென. அட்டப்பொட்டி ஒவ்வொண்ணும் நெல்லு மூட்ட கணக்கா இருக்கு. கம்பளி, பால்மாவு, சோப்பு, சட்டி... "எதுக்குப்பா இவ்ளோ சொமந்துட்டு வந்தே"ன்னு இர்ஃபானா கேக்குறா. நாந்தான் சொன்னேன், யாரு இல்லேன்னா? தெனம் போன்ல பேசுறப்ப ஒண்ணொண்ணா ஞாபகம் வரும், சொல்லுவேன். கீவளூர் வெயிலுக்குக் கம்பளி எதுக்குன்னுதானே சிரிக்கிற? எதுத்த வீட்டுல இருக்கே!

பொட்டிய சீட்டுல தூக்கி வச்சாச்சு. டிரைவர் பக்கிரி, "ஒரு ஆளு எறங்குனாத்தான் கதவு சாத்தும்"னுட்டான். எல்லாரும் மானத்த அண்ணாந்து பாக்குறாங்க. மங்களாம்பிகை சன்னல் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. வேன் வச்சவ நான், கூப்புட்டவ நான்... அதனால, "நீங்கள்லாம் போங்க, நான் பஸ்ல வந்துர்றேன்"னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா! நாம அப்படிச் சொன்னா அவங்க என்ன சொல்லணும்? "அய்யய்யோ, நீங்களாவது எறங்குறதாவது, நான் எறங்குறேன்"னு பதறணும். நான் வேணாம் வேணாம்பேன். அவங்க கையப் புடிச்சு இழுத்து ஏத்தி விடணும். அதானே மொற? இர்ஃபானா என்ன சொன்னா தெரியுமா? "லத்தீஃபா மச்சிக்கு எப்பவுமே நல்ல மனசு"ன்னா. பக்கிரி படார்னு கதவச் சாத்திட்டான்!

எம்மவன் கடைசி சீட்டுல, அட்டப்பொட்டிக்குப் பின்னால கெடந்தான். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டான்... மாட்டான்னுதான் நெனைக்கிறேன். மூணு வருசமாச்சுல்ல, யாரு கண்டா. அழல, அழல. தூசி.

அடிக்குது பாரு மறுபடி! ஷமீராதான். பஸ்ஸு ஏறுனதுலேருந்து போன் மேல போன். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? கிட்ட வா, சொல்றேன்... வீட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு! வேணும்னு செய்யல, சத்தியமா. இங்க உக்காந்தப்பதான் இடுப்புல உறுத்துச்சு. உறுத்துன ஒடனே ஒரு சந்தோசம் வந்துச்சு பாரு... அடடா! போவட்டும். எல்லாரும் காலு நீட்டிக்கிட்டு ஜம்முன்னு போவட்டும். போயி தெருவுல வெயில்ல நிக்கட்டும். நான் தஞ்சாவூர்ல எறங்கி, டீ குடிச்சுட்டு, ஆற அமரத்தான் போவேன். நீ இன்னொரு வாடா எடுத்துக்க.

இது எந்த எடம்? டோல்கேட்டா? இன்னும் டோல்கேட்டுதானா! பிளேனு கடலையே தாண்டி வந்துருது. ஏர்போர்ட்லேருந்து சென்ட்ரல் வர்றதுக்குள்ள நாக்கு தள்ளுது. தஞ்சாவூர் பஸ்ஸு வேற சென்ட்ரல்ல நிக்குமா, புது பஸ்ஸ்டாண்டுல நிக்குமான்னு தெரியல... என்ன, போன எடுக்கச் சொல்றியா? தலைவலிக்குதா? சரி, ஒனக்காக எடுக்குறேன். என்ன கேள்வி கேக்குறேன்னு மட்டும் பாரு.

என்னடி ஷமீரா, சாவி வேணுமோ சாவி? இப்பத்தான் மாமி ஞாபகம்... யாரு? ஜாஃபரா? அவ போனு ஒங்கிட்ட எப்படிப்பா... எங்க நிக்குற? ஏர்போர்ட் ரோட்டுலயா? வேனு? போவச் சொல்லிட்டியா! ஏர்போர்ட் கேட்டுகிட்ட வண்டி நின்னப்ப அம்மா எங்கன்னு கேட்டியா... கேட்டியாப்பா? ஒடனே குதிச்சுட்டியா? அய்யோ, என் ராசா... அப்பறம்? பஸ்ஸுக்குப் பின்னால ஓடியாந்தியா? எந்த பஸ்ஸு... தட்டுனியா?

இரு, வச்சுராத.

ஏம்மா, நீ திரும்பிப் பாத்தீல்ல? பஸ்ஸத் தட்டிட்டு ஓடியாந்தானே ஒருத்தன், அவன் என்ன சட்ட? நீலக் கட்டமா? யா அல்லா! நான் பெருநாளுக்கு அனுப்பி விட்ட சட்டம்மா அது!

ஜாஃபரு... இல்லப்பா, நான் திரும்பியே பாக்கல. இந்தக் கண்டக்டர்தான் நிறுத்தாமப் போயிட்டாரு. என்ன தம்பி அப்படி மொறைக்கிறீங்க? சும்மா இருங்க, புள்ளகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்ல! ஜாஃபரு, நீ அங்கயே நெழல்ல நில்லு. நவுராத. நான் வர்றேன். நீ வராத, நான் வர்றேன். அவங்களா? அவங்க நிப்பாங்க, சாவி எங்கிட்டதானே இருக்கு. நாம ரெண்டு பேரும் மெதுவாப் போவோம்.

தம்பி, சென்ட்ரல் வந்தாச்சா? இந்த பஸ்ஸு திரும்ப ஏர்போர்ட்டுக்குத்தானே போவுது? அப்ப நான் எறங்கல. பொம்பளன்னு எனக்குத்தான் டிக்கெட்டு கெடையாது, எம்மவனுக்கு ஒண்ணு இப்பவே போட்டு வச்சுருங்க.

ஏ புள்ள! எறங்கிட்டியா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாது? அடிப்பாவி, எத்தன தின்ன நீ? டப்பாவுல ரெண்டுதான் கெடக்கு! சரி போ, போ, நாந்தான் குடுத்தேன். நல்லாரு!

இல்ல தங்கச்சி, இங்க உக்காராதீங்க, ஆளு வருது. பை வச்சிருக்கேன் பாருங்க. எம்மவன். ஏர்போர்ட்டுல ஏறுவான்... சரி, அதுவரைக்கும் வேணா உக்காருங்க. ஆனா அவன் ஏறுனதும் எந்திரிச்சுறணும். பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே எந்திரிச்சுறணும், ஆமா. தம்பி, கண்டக்டர் தம்பி! கோச்சுக்காதீங்க. இந்தத் தடவ கொஞ்சம் பாத்துப் போங்க. யாராவது பின்னால தட்டிக்கிட்டு ஓடியாந்தா, நான் என்ன சொன்னாலும் கேக்காதீங்க, நிறுத்திருங்க.