மூணு மில்லிவோல்ட்

— மீட்டர் மூணு காட்டுனா நல்லதுதானே தாயே? மில்லிவோல்ட் குறையக் குறைய கடலுக்குள்ள இருக்கிற இரும்புத் தூணுக்குப் பத்திரம்னு நீதானே சொல்லிக்குடுத்த?

— இருநூத்தம்பதுக்குக் கீழ இருந்தாலே போதும் அத்தான். மூணு வருஷமா வெறும் மூணு காட்டுனதுதான் இடிக்குது. அவ்வளவு நல்லவங்களா நாம?

— நம்ம படகுத்துறை நல்ல துறைன்னு வச்சுக்கோயேன்! மேனேஜர் நான் சொல்றேன். நாளைக்குக் காலையில இருநூறு பேர் படகுல வந்து இறங்கணும். ரிப்போர்ட்ல கையெழுத்தப் போடு, உங்கக்கா சாப்பிடாம காத்துக்கிட்டிருக்கா.

— அதே தூண் பக்கத்துல அளக்கறதுக்குப் புது ஜிங்க் கட்டைய உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தொங்கவிட்டிருக்கேன். அதோட வயரத்தான் இப்ப மீட்டர்ல சொருகுறேன். நீங்களே படிங்க.

— நானூத்திப் பத்து... புதுசுல்ல, கொஞ்சம் தண்ணி பழகட்டும்.

— காலையிலேர்ந்து பழகுது. நானூறுன்னா தூண் அரிச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

— அப்ப பழைய கட்டை இத்தனை நாளும் பொய்யா சொல்லுச்சு?

— இந்தாங்க, டைவர் கழட்டிக் கொண்டுவந்தது. அளக்கறதுக்குன்னு வச்ச கட்டை கரையவே கூடாது. இதுல பாதியக் காணோம். நடுவுல ரப்பர் வைக்காம நேரா இரும்போட சேர்த்து கிளாம்ப முடுக்கியிருக்கு. ரெண்டும் ஒட்டிக்கிட்டா மீட்டர் என்ன வித்தியாசத்தக் காட்டும்?

— இங்க பாரு. கட்டை தேஞ்சுபோச்சு, மாத்திட்டோம்னு மட்டும் எழுது. யார் மாட்டுனாங்கன்னு தோண்டாத.

— உங்க நாற்காலி போயிடும்னு பயமா?

— என் நாற்காலிய உடைச்சு அடுப்புல போடு! அந்தக் கட்டைய மாட்டுனது நீ வேலைக்குச் சேர்ந்த மொத வாரம். படகப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான், கிளாம்ப முடுக்குனது நீ. கரைக்கு வந்தா ரப்பர் துண்டு படகுல கிடக்குது. ஏதோ மிச்சம்னு டிராயர்ல போட்டு வச்சேன். நீ இப்ப சொல்லித்தான் எனக்கே உறைக்குது. அதக் கடல்ல வீசிடுறேன், ஒருத்தருக்கும் தெரியாது. வா, வீட்டுக்குப் போவோம்.

— வீசாதீங்க அத்தான், ரிப்போர்ட்டோட சேர்த்து வைக்கணும். கிளாம்ப முடுக்குனது நான்னு மொத வரியிலேயே எழுதிட்டேன். துறை வாசல்ல சங்கிலி போட்டுப் பூட்டிட்டுத்தான் இங்க வந்தேன். இந்தாங்க சாவி.