விடாத ஒட்டு

நாற்காலி வேண்டாம் ஐயா. நாளெல்லாம் அண்ணாந்து வேலை செய்கிற தச்சனுக்குக் கழுத்தும் இடுப்பும் சேர்ந்தே வலிக்கும். எனக்குத் தரைதான் சுகம். டீ நன்றாக இருந்தது.

விஸ்வநத்தத்தில் என் அக்கா குருவம்மாள் வீட்டு ஓட்டுக்கூரையைப் போன வருஷம் நான்தான் சரிசெய்தேன். நடு விட்டத்தின் ஒரு முனையைக் கரையான் தின்றிருந்தது. கெட்டதை வெட்டியெடுத்துவிட்டு வேங்கை மரத்தில் ஒட்டுப் போட்டேன். கவ்வி உட்கார்ந்தது. ஆனால் அக்கா புருஷன் மொக்கைச்சாமிக்கு அது தமாஷ். டீக்கடையில் ஆள் கூடினால் ஆரம்பித்துவிடுவார்.

"என் மாப்ள ஒட்டுப்போட்ட விட்டம்லே. எவனாச்சும் பலமாத் தும்முனா தலையில வந்துரும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கலகலப்பான மனுஷன், குறை சொல்லக்கூடாது. அதன்பிறகு கூரை வேலைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் ஊரே வெளியே ஓடிவந்து "எந்தக் கம்பெனி?" என்று கேட்கும். மச்சான் மட்டும் எழுந்திரிக்க மாட்டார். ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகலில் அந்த விட்டத்துக்கு நேர் கீழேதான் தூக்கம். அக்கா அந்நேரம் பட்டாசுக் கம்பெனியில் இருப்பாள். அடுத்த வெடியில் அவர் சொன்ன சொல்லே பலிக்கட்டும் என்று நினைத்தேன். கரையான் மருந்து அடிக்கிறேன் என்று ஏறி, ஒட்டைப் பாதிக்குமேல் அறுத்து, அறுத்த இடத்தை மெழுகால் அடைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது மச்சான்தான்.

தீபாவளி சீசனில் ஒரு கம்பெனி வெடித்தது. நல்லவேளை, சாப்பாட்டு நேரம். உள்ளே ஆள் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா வீட்டுக் கூரை அப்படியே நிற்கிறது. அன்றைக்கு மட்டும் மச்சான் எழுந்து தெருவுக்கு வந்திருந்தார்.

"வந்து பாருங்கப்பா! அம்புட்டு வீட்டு ஓடும் சரிஞ்சிருச்சு, என் மாப்ள ஒட்டு அசையல. இவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்லே!"

எல்லாக் கம்பெனியையும் அடைத்துவிட்டதால் அக்காவும் வந்துவிட்டாள். டீ போட்டாள். "உள்ள வந்து உக்காந்து குடிய்யா," என்றாள். நான் வாசலில் நின்றே குடித்தேன். விட்டத்தை அறுத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மச்சான் எதிர்வீட்டுப் பாண்டிமுருகனிடம், "ஒன் கூரைக்கும் இவனையே கூப்பிடுலே," என்றார். அவரும் சரி என்று தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து எப்படிச் சொல்வது? டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் விழுந்தது. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

வெடி அதிர்ச்சியில் ஒட்டு விட்டுப்போச்சு என்று ஊரில் பேசுகிறார்கள். நீங்களும் இரண்டு சாவுக்கும் அப்படியே கேஸ் எழுதிவிட்டீர்களாம். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். திருத்திவிடுங்கள் ஐயா. என் ஒட்டு விடவில்லை. நான் அறுத்தேன், அதனால் விழுந்தது.

மற்றபடி எனக்கு யார்மீதும் வருத்தமில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது மச்சான் தோளில் கைபோட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கறிச்சோறு போடுவதாகச் சொன்னார். அது மட்டும் இன்னும் பாக்கி.