மரத்தடிப் பாத்தி

நிழலில் ஒன்றும் வளராது என்று சொல்பவர்கள் சோம்பேறிகள். வளரும். எதன் பக்கத்தில் எதை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

நீங்கள் விசாரணையில் கேட்டது அதுவல்ல என்று தெரியும். ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாத்தி புரியாமல் அத்தானின் சாவு உங்களுக்குப் புரியாது.

அக்கா வீட்டின் பின்பக்கம் ஒரு பெரிய மரம். அதனடியில் காட்டுப் பூக்களுக்காக நான் போட்ட பாத்தி. மரம் துளிர்க்கும் முன்னால், வெயில் தரைவரை இறங்கும் கொஞ்ச நாளில், நீலப் பூக்கள் முந்திக்கொண்டு பூத்துவிடும். மரம் இலை விட்டதும் அவை வாடி, மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். அந்த இடம் வெறிச்சென்று ஆகாமல் இருக்கப் பக்கத்திலேயே பெரணி வைத்தேன். பூ படுக்கிற நேரத்தில் பெரணி சுருள் பிரிந்து எழும். ஒன்றின் வேர் மேலாக ஓடும், மற்றதன் கிழங்கு ஆழத்தில் கிடக்கும். சண்டை கிடையாது. சேர்த்து நடுவதில் இருக்கும் ரகசியம் இவ்வளவுதான்: ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்க வேண்டும்.

எங்கள் குடும்பமும் அப்படித்தான் ஓடியது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலைக்குப் போனேன். அக்காவும் அத்தானும் எழும்போது நான் பின்னறையில் படுப்பேன். அவர்கள் படுக்கும்போது கிளம்புவேன். அத்தான் எனக்கு வைத்த பெயர் ஆந்தை. வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரு முகச்சுளிப்பு இல்லை. பிறகு வேலையை விட்டேன். ஏன் என்பது உங்களுக்கு வேண்டாம். மேற்பார்வையாளருக்கு வாய் நாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் விழித்திருக்கத் தொடங்கினேன். அப்போதுதான் அத்தானை முழுதாகப் பார்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் பெரிய துண்டை என் பக்கம்தான் தள்ளுவார். ஆனால் வெறும் இடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

ஒரு கோடைக் காலையில் அளவுநாடாவும் கடப்பாரையுமாக மரத்தடியில் நின்றார். பெரணி இன்னும் எட்டாத ஓரம் அது.

“மாப்ளே, இங்க காருக்கு ஒரு கொட்டகை போட்டா எப்படி இருக்கும்?”

“அங்க செடி இருக்கு அத்தான்.”

“எங்கடா? வெறும் மண்ணுதான் கிடக்கு.”

“தூங்குது.”

“ஓ, அதுவும் உன்னை மாதிரிதானா?”

சமையலறை ஜன்னலில் நின்ற அக்காவும் சிரித்துவிட்டாள். “விடுங்க, ஆந்தை கொத்திடப் போகுது.”

மண் இறுக்கம் பார்க்கிறேன் என்று கடப்பாரையை இறக்கினார். கிழங்குகள் இரண்டாகப் பிளந்து வெள்ளையாக வெளியே வந்து விழுந்தன. “அட, வெங்காயம் மாதிரி இருக்கே,” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் மன்னிப்புக்கூடக் கேட்டார். பிறகு, “குளிர் போனதும் மரத்தையும் எடுத்துடலாம், வெட்டுறவர்கிட்ட சொல்லியாச்சு,” என்றார்.

கிழங்கை மன்னிக்கலாம். மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாத்தியில் இன்னொரு செடி இருந்தது. பூண்டு வாசம் அடிக்கும் அகலிலை. வசந்தத்தில் தரையை மூடிவிடும். அத்தானுக்கு அது உயிர். காலையில் புல் பறிப்பதுபோல் பறித்து, முட்டையோடு வதக்கித் தரச் சொல்லித் தின்பார். இரத்தம் சுத்தமாகும் என்பார். வேலியோரம் வேறொன்று, வெள்ளை மணிகளாகப் பூப்பது. பூக்கும்வரை அதன் இலை அச்சு அசல் அகலிலை மாதிரியே இருக்கும். ஆனால் அது விஷம், இதயத்தை நிறுத்திவிடும். இரண்டையும் சேர்த்து நடக்கூடாது என்பது நிழல் தோட்டம் போடுகிற யாருக்கும் தெரியும். முகர்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும். அத்தானால் முகர முடியாது. ஒரு காய்ச்சல் அவர் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. “எனக்கு ரோஜாவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்,” என்று வருகிறவர்களிடம் பெருமையாகவே சொல்வார்.

குளிருக்கு முன் மணிப்பூவின் வேர்களைத் தோண்டி எடுத்து அகலிலைக்கு நடுவே நட்டேன். இரண்டுக்கும் ஒரே நிழல், ஒரே ஈரம். நான் சேர்த்து நட்டதிலேயே நன்றாக வந்த ஜோடி அதுதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

வசந்தம் வந்தது. மரம் வெட்டுகிறவர் இன்னும் வரவில்லை. அன்று காலை அத்தான் பாத்தியில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வா ஆந்தை, உனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லட்டுமா?” என்றார்.

“பசிக்கல அத்தான்.”

நட்டது நான். பறித்தது அவர், தின்றதும் அவர். நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்கள் ஸ்டேஷன் வாசலில் அரளி நிற்கிறது. அதை நட்டவரைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கவில்லை.

அக்காவை இதில் இழுக்காதீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போய் அவளிடம் பேசிவிட்டீர்கள். சரி. அவள் சொன்னது உண்மைதான். இலையைக் கழுவியது அவள், அவளுக்கு மூக்கு இருக்கிறது. பாத்திரத்தோடு பின்னறைக்கு வந்தாள்.

“இது சரியான இலைதானாடா? பாதியில வாசமே வரலையே.”

வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. எது எந்த இலை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“சரிதான்க்கா. இளசு. இளசுல வாசம் இருக்காது.”

“நீ சொன்னா சரி,” என்று போய்விட்டாள்.

உப்புப் பார்க்காமல் அவள் எதையும் தட்டில் வைக்க மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும். ஒரு வாய்தானே, தாங்குவாள் என்று நினைத்தேன். தாங்கினாள். அத்தான் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கொன்றது செடி இல்லை, நான். எழுதிக்கொள்ளுங்கள். அதே பாத்திரத்தோடு அவள் மறுபடி வந்து நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

வீடு திரும்பியதும் அவள் முதலில் மரம் வெட்டுபவரைத்தான் கூப்பிட்டாள் என்கிறீர்கள். இன்று காலை மரம் சாய்ந்துவிட்டது என்கிறீர்கள். கோபத்தில் செய்திருக்கிறாள். அவள் என் அக்கா. கோபம் அவளிடம் தங்காது. அந்தப் பாத்திமேல் நிழலுக்கு ஒரு பச்சை வலை மட்டும் கட்டிவைக்கச் சொல்லுங்கள். நான் வரும்வரை தாங்கும்.