சத்தம் நின்றால் திறப்பேன்

இப்படிக் கிட்டே வந்து உட்கார் கண்ணு. அந்த நாற்காலி ஆடுகிறது, இதை இழுத்துப் போட்டுக்கொள். எழுதிக்கொள்ளும் பெண்ணையும் பக்கத்தில் வரச் சொல். என் குரல் பழைய குரல், இரண்டு மேசை தாண்டிப் போகாது. ஒரு கதை சொல்கிறேன். குருவி வரும், அணில் வரும், பூனை வரும், ஓர் அக்காளும் தங்கையும் வருவார்கள். எதையும் ஒளிக்க மாட்டேன். நடுவில் என் விரல் மேசையைத் தட்டினால் கண்டுகொள்ளாதே. நான்கு நாளாக அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பறவைக்கு ரொட்டி போடுகிறவர்கள் காய்ந்த ரொட்டியை அப்படியே பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு. தண்ணீரில் நனைத்து, பிழிந்து, விரலால் உதிர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகளின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றது. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். கதை சொல்லக்கூட நானே கற்றுக்கொண்டேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகத்தில் இருபத்தெட்டு வருடம் ஆயாவாக இருந்தேன். மத்தியானத்தில் முப்பது பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கதையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அங்கே அலுமினியத் தட்டில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவேன். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். அடங்காத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். அதை அடித்ததே இல்லை கண்ணு, என் கை ஒரு பிள்ளைமேல் பட்டதில்லை. பாய்கள் வைக்கும் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவேன். அழும், உதைக்கும், தட்டும். நான் வெளியே நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்: "சத்தம் நின்னா திறப்பேன்." சத்தம் போடும்போது திறந்துவிட்டால், சத்தம்தான் சாவி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தச் சாவியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எத்தனையோ தாய்மார் என்னிடம் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வித்தையை நான் காப்பகத்துக்குப் போய்க் கற்கவில்லை. சின்னவளை வளர்த்ததில் கற்றது.

சின்னவள் என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். சின்னவளுக்குத் தலை வாரியது, பல் தேய்த்துவிட்டது, அடக்கியது எல்லாம் நான்தான். தோட்டத்துக் கோடியில் ஒரு பம்பு அறை உண்டு. ஜன்னல் கிடையாது. தடித்த சுவர், இரும்புக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அவள் பிடிவாதம் பிடித்தால் அங்கே விடுவேன். சத்தம் நின்றால் திறப்பேன். வெளியே வந்ததும் என் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அவ்வளவு பாசம்.

காலம் போயிற்று. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றாள். இருவருக்கும் வீட்டுக்காரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா வீட்டையே நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, முன்பாதியில் அவளும் பின்பாதியில் நானுமாக இருந்தோம். தோட்டம் பொது. நான் காப்பகத்தை விட்டு ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் போய் நின்றேன். பிள்ளைகள் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் ரொட்டி உதிர்த்துப் போட்டேன். ஒரு வாரத்தில் நான்கு குருவி. ஒரு மாதத்தில் மைனா, புறா, அணில் எல்லாம் வந்தன. ஒற்றைக்காலன் என்று ஒரு குருவி இருந்தான். என் உள்ளங்கையில் ஏறி நின்று தின்பான். அந்த ஒற்றை நகம் அழுத்துகிற இடம் இங்கே, இந்த ரேகைக்கு மேலே. பார்த்தாயா? ஒன்றும் தெரியாதுதான். எனக்குத் தெரியும்.

தெரு முழுக்க அந்தத் தட்டுச் சத்தம் பிரசித்தம். "பாட்டி பந்தி வெச்சுட்டாங்க, மணி ஏழு" என்பார்களாம்.

பிறகு பூனைகள் வந்தன. வீட்டுப் பூனை இல்லை கண்ணு. யார் வீட்டிலோ பிறந்து, யாராலோ விரட்டப்பட்டு, இரண்டு தலைமுறையாக மனிதக் கை படாத காட்டுப் பூனைகள். என் தட்டுச் சத்தம் கேட்டதும் செடிக்குள் வந்து படுத்துவிடும். கண் சிமிட்டாது. சின்னவளோ முன்வாசலில் அவற்றுக்குக் கிண்ணம் கிண்ணமாக மீன் வைத்தாள்.

"என் பிள்ளைங்களத் திங்கறதுக்கு நீ கறி வளக்கறே" என்றேன்.

"பசி அடங்கினா வேட்டை குறையும் அக்கா. அதோட சாப்பாட்டுக்குப் பழகினாத்தான் கூண்டுக்குள்ள வரும். பிடிச்சு டாக்டர்கிட்ட குடுத்து கருத்தடை பண்ணிட்டா, இருக்கறதோட நின்னு போயிடும்."

"நின்னு போற வரைக்கும்?"

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் மேல்படியில் நிற்கும். "நீ தட்டறது குருவிக்கு மட்டுமா கேக்குது? பூனைக்கும் காது இருக்கு. ஊரு குருவியெல்லாம் ஒரே எடத்துல ஒரே நேரத்துல கூட்டி வெச்சு, மணியும் அடிச்சா, பந்திக்கு முந்தாம என்ன செய்யும்? ரெண்டு மாசம் தட்டை நிறுத்து. இல்ல, இடத்தையாவது மாத்து."

நான் நிறுத்த வேண்டுமாம். கொல்கிறது பூனை, நிறுத்த வேண்டியது நான்.

ஆனால் அவள் சொன்னதைச் செய்தாள், அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். அறுவை முடிந்த பூனைக்கு அடையாளத்துக்காகக் காது நுனியைக் கத்தரித்திருப்பார்கள். தெருவில் காது நறுக்கிய பூனைகள்தான் திரிந்தன. ஒன்றுதான் பாக்கி. செவலை என்ற பெட்டை. அது திறந்தே கிடந்த பம்பு அறைக்குள் குட்டி போட்டிருந்தது. "குட்டிங்க பால் மறக்கட்டும் அக்கா, ஆறு வாரம் பொறுத்துக்கோ" என்றாள் சின்னவள். பொறுத்தேன். முதல் வாரம் ஓர் அணில். மூன்றாம் வாரம் கொடிக்குள் இருந்த கூடு, குஞ்சுகளோடு. அப்புறம் எனக்கு உட்கார முடியவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்குவேன். அடுப்பை அணைத்தேனா என்று நான்கு முறை பார்ப்பேன். பருப்பு எடுக்கப் போய் வெறும் கையோடு வருவேன். செடி அசைந்தால் ஓடுவேன். காற்றுதான்.

போன திங்கட்கிழமை காலை தட்டினேன். ஒற்றைக்காலன் கையை நோக்கி இறங்கினான். கைக்கு ஒரு முழம் இருக்கும்போது செவலை எழும்பியது. அவ்வளவுதான். என் கையில் இருந்த ரொட்டித் தூள்கூடச் சிந்தவில்லை.

அது அவனைக் கவ்விக்கொண்டு பம்பு அறைக்குப் போயிற்று. சற்று நேரத்தில் சின்னவள் கூண்டும் மீன் டப்பாவுமாகப் பின்னால் போனாள். "இன்னிக்குத்தான் ஆறு வாரம் முடியுது, இன்னிக்கு விட மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். பூனை தப்பாமல் இருக்க இரும்புக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள். நான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

நேற்று நீ எவ்வளவு தன்மையாகக் கேட்டாய். "கதவு திறந்து கிடக்குதேன்னு பழக்கத்துல தாழ்ப்பாள் போட்டுட்டீங்க, உள்ள ஆள் இருக்கறது தெரியல, அப்படித்தானே பாட்டி?" என்று. நல்ல மனசு உனக்கு. ஆனால் அப்படி இல்லை. தெரிந்துதான் போட்டேன். பூட்டவில்லை. பூட்டு என் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். தாழ்ப்பாள் மட்டும்தான்.

முதலில் அவள் விளையாட்டு என்று நினைத்தாள். "அக்கா, செவலை கூண்டுல மாட்டிடுச்சு. திற, டாக்டருக்குப் போன் போடணும்" என்றாள். ஆமாம், முதல் கால் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுமா திறக்கவில்லை என்கிறாய். கேட்டேன். ஆனால் கதவை உதைத்துக்கொண்டு சொன்னாள். நான் வெளியே நின்று, அந்தக் காலத்தில் சொன்னது போலவே, "சத்தம் நின்னா திறப்பேன்" என்றேன்.  அதற்கும் உள்ளே சிரித்தாள். அந்த மேல்படிச் சிரிப்பு. நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

பிற்பகலில் அவள் உதைப்பதை விட்டுவிட்டு, எதையோ கொண்டு தட்டினாள். மீன் டப்பாவாக இருக்கும். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் சாரத்தின்மேல் நின்று கேட்டார்: "என்ன பாட்டி, இன்னிக்கு நாள் முழுக்கப் பந்தியா?"

"ஆமாப்பா, இன்னிக்கு விருந்தாளி ஜாஸ்தி" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பூச்சுக் கரண்டியை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மகன் வெளியூரிலிருந்து கூப்பிட்டான். அவள் போன் அவள் சமையலறை மேசையில் இருந்தது. எடுத்தேன். "பெரியம்மா, அம்மா எங்க? ஊசி போட்டுக்கிட்டாங்களா? சர்க்கரை போன வாரமே ஏறி இருந்துச்சு."

"தூங்கறாடா தம்பி. எழுப்ப வேணாம்."

போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவள் ஊசி மருந்து கதவுத் தட்டில் வரிசையாக நின்றது. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். மூடினேன்.

அன்று காலை ஒரு விஷயம் நடந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஏழு மணிக்கு நான் தட்டோடு நின்று மூன்று தட்டு தட்டினேன். ஒரு குருவி வரவில்லை. எட்டிப் பார்த்தால், பம்பு அறை வாசலில் அத்தனையும் உட்கார்ந்திருக்கிறது. குருவி, மைனா, இரண்டு அணில். கதவைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு, சோறு எப்போது வரும் என்று காத்திருக்கிறது. நான் பத்து வருடம் பழக்கியவை. அவள் ஒரே நாளில் இழுத்துக்கொண்டாள். திறக்கலாமா என்று ஒரு நினைப்பு இருந்தது கண்ணு, சத்தியமாக இருந்தது. அதைப் பார்த்ததும் போய்விட்டது.

சாயங்காலம் தட்டும் சத்தம் நின்றது. நான் சொன்ன சொல் தவறாதவள். உடனே போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அந்த இரும்பின் சில்லிப்பு இன்னும் விரலில் இருக்கிறது. அப்போது கதவுக்கு மறுபக்கம், கிட்டத்தில், மெதுவாக, ஆறு வயதுக் குரலில் கேட்டது: "அக்கா, நான் சத்தமே போடலியே. நல்ல பிள்ளையா இருக்கேன். தண்ணி மட்டும் குடுக்கா."

பேச்சும் சத்தம்தானே? முப்பது பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டமா? கையை எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சத்தம் நின்றது. இந்தமுறை நான் அவசரப்படவில்லை. துவைத்த துணியை மடித்தேன். தட்டைத் துலக்கினேன். போய்க் காதை வைத்துக் கேட்டேன். பிறகு திறந்தேன். நான் சொன்னபடி திறந்தேன் என்பதை அந்தப் பெண் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும்.

கூண்டு மூலையில் இருந்தது. கதவை அவள் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டியிருந்தாள். செவலை உள்ளே உயிரோடு இருந்தது. மீன் முழுவதையும் அதற்கே போட்டிருக்கிறாள். குட்டிகள் மூன்றும் அவள் மடியில் சூடு தேடிப் படுத்திருந்தன. அவள் கதவில் சாய்ந்திருந்ததால், திறந்ததும் என் கால்மேல் சரிந்தாள். குழந்தையில் வெளியே வந்ததும் இடுப்பைக் கட்டிக்கொள்வாளே, அதுபோல. நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்புறம்தான் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

யாரும் என்னை இழுத்து வரவில்லை. நேற்று நானாக இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். ஏன் தெரியுமா? புதன் சாயங்காலமும் தட்டிப் பார்த்தேன், வியாழன் காலையும் தட்டினேன். அவை என்னிடம் வரவில்லை. இப்போதும் அந்தக் கதவு வாசலில்தான் காத்திருக்கின்றன. யாரையாவது அனுப்பி அந்த இரும்புக் கதவைக் கழற்றச் சொல். ரொட்டியை நனைத்துப் போடச் சொல். கேட்க வந்தது அதுதான். சின்னவளுக்கு நான் கெடுதல் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் அடங்கினால் போதும் என்றுதான் இருந்தேன். அடங்கிவிட்டாள்.

ஏன் எழுந்து நிற்கிறாய்? என் விரலைப் பார்க்காதே என்றேனே. கதை முடிந்தது, வாழ்த்திவிட்டு விடுகிறேன். உன் குடும்பம் தழைக்கட்டும் கண்ணு. உன் வீட்டுக் கூரையில் குருவி கூடு கட்டட்டும். பசியோடு உன் வாசலுக்கு வந்தது எதுவும் வெறும் வயிற்றோடு திரும்பாமல் இருக்கட்டும். உனக்கு இரண்டு பெண் பிறந்தால் இரண்டும் ஒட்டி வாழட்டும். உன் வீட்டில் யார் எந்தக் கதவைத் தட்டினாலும், சத்தம் இருக்கும்போதே திறக்கிற ஒரு கை பக்கத்தில் இருக்கட்டும்.