கடைசியாகத் தொட்ட கை

மேடையில் வீற்றிருக்கும் கார் பட்டறை உரிமையாளர் சங்கப் பெரியவர்களே, தந்தையை இழந்து நிற்கும் தம்பி உவைஸ் அவர்களே, வேலையை நிறுத்திவிட்டுக் கிரீஸ் கையோடு வந்திருக்கும் தோழர்களே, வெள்ளகோவிலிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் லட்சுமணசாமி ஐயா அவர்களே, கணவரை இழந்த துக்க காலமான இத்தாவில் வெளியே வராமல் வீட்டிலிருந்தபடி மகனின் செல்போன் வழியே கேட்டுக்கொண்டிருக்கும் ஆமினா பீவி அம்மா அவர்களே, சங்கத் தலைவன் பாலுசாமியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

பேனரில் "கார் மருத்துவர் ரசாக்" என்று ஆளுயர எழுத்தில் அடித்திருக்கிறோம். அவர் பார்த்திருந்தால் கூச்சப்பட்டு அந்தப் பேனருக்குப் பின்னாலேயே போய் நின்றிருப்பார். நமக்கு அவர் ரசாக் பாய். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே கூரையின் கீழ் பத்தொன்பது வருடம் எனக்குத் தொழில் கூட்டாளி.

வண்டி சத்தம் போடுகிறது என்று வருகிறவரிடம் நாம் என்ன கேட்போம்? எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்போம். ரசாக் பாய் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏனுங்க, அது எப்படிக் கத்துதுன்னு நீங்களே ஒருக்காக் கத்திக் காட்டுங்க." கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு "டகடகடக" என்றார். மீசை வைத்த போலீஸ் அதிகாரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு "கிர்ர்" என்றார். கோயமுத்தூரில் பெரிய மனிதர்களை இப்படிக் கத்த வைத்தவர் வேறு யார்?

அதற்குப் பிறகுதான் வண்டியை ஓட்டிப் பார்க்கும் அந்தப் பயணம். மேட்டுப்பாளையம் சாலை, மலை இன்னும் பனிக்குள் இருக்கும் காலை. வண்டியை நான் ஓட்ட, பாய் பக்கத்து இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை வண்டியின் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். "மிதிங்க" என்பார். "இப்ப உடுங்க" என்பார். "ஓரமா நிறுத்தி நியூட்ரல்ல மிதிங்க." வண்டி நிற்கும்போது மிதித்தால் வராத சத்தம் ஓடும்போது மிதித்தால் வருகிறதென்றால் அதற்கொரு காரணம், இரண்டிலும் வந்தால் வேறு காரணம். இது நமக்கும் தெரியும். ஆனால் அவர் அவசரப்படவே மாட்டார். பாக்குத் தோப்பும் மில் சுவர்களும் மிதந்து போகும். அவர் கேட்கிறாரா, தூங்குகிறாரா என்று தெரியாது. ஓட்டுகிற எனக்கும் ஒரு மயக்கம் வரும், இந்தச் சாலை முடியாமலே இருக்கட்டும் என்று தோன்றும். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரம் எதுவென்று கேட்டால் அந்த அரைமணி நேரங்களைத்தான் சொல்வேன்.

அப்படி ஓட்டிப் பார்க்காமல் ஒரு இஞ்சினையும் பிரிக்கக் கூடாது. அது அவர் சட்டம். அந்தச் சட்டத்தை நான் ஒரு நாள் மீறினேன்.

பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். லட்சுமணசாமி ஐயாவின் கார் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அடியில் சடசடவென்று சத்தம். ஒரே நிமிடம் கேட்டேன். பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பாய் வருவதற்குள் நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இஞ்சினை ஒரு பக்கம் தூக்கி, அதைத் தாங்கும் மவுண்டிங் போல்ட்டைக் கழற்றி, அடியில் ஆயில் சட்டியை இறக்கிப் பார்த்தேன். பேரிங் புத்தம் புதிதாக இருந்தது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டினேன். மவுண்டிங் போல்ட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது வாசலில் பாயின் மொபெட் சத்தம் கேட்டது. அப்படியே எழுந்துவிட்டேன். ஸ்பேனர் போட்டு இறுக்கவில்லை.

பாய் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார். சைலன்சர் குழாயின் மேலிருந்த தகரம் தளர்ந்திருந்தது, மிதிக்கும்போது அது அதிர்ந்ததுதான் சத்தம். இரண்டே திருகு. வண்டியைக் கொடுத்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவிநாசி மேம்பாலத்தில் அந்த போல்ட் கழன்றது. இஞ்சின் சாய்ந்து, வண்டி நடுச்சுவரில் மோதியது. உள்ளே இருந்தவர் ஐயாவின் மகள் சைத்ரா. மறுநாள் தேர்வு எழுத வேண்டிய வலது கை முறிந்தது. ஒரு வருடப் படிப்பு போயிற்று.

ஐயா மோதிய வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, "வண்டியக் கடைசியாத் தொட்டது யாருங்க?" என்று கேட்டார். பாய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். தான் கழற்றாத போல்ட் அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தானுங்க கடைசியாத் தொட்டேன்," என்றார் ரசாக் பாய்.

அதில் பொய் இல்லை. ஆனால் ஐயாவைப் பார்த்து வெள்ளகோவிலிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டிகள் அன்றோடு அவரிடம் வருவது நின்றது. வேலையில் கைசுத்தம் இல்லாத மெக்கானிக் என்று பேர் வந்தது. எங்கள் பட்டறைக்கு அந்தப் பேர் ஒட்டக் கூடாது என்று அவரே விலகி, உக்கடத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார். நான் சங்கத் தலைவரானேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே பதினான்கு வருடத்தை ஓட்டிவிட்டேன். ஒருமுறை அவர் கொட்டகைக்கே சொல்லப் போனேன். "டீ குடிங்க பாலுண்ணா" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னைவிடக் கோழை இந்த மண்டபத்தில் யாராவது உண்டா?

ஆமினா பீவி அம்மா, உங்கள் கணவர் அந்த போல்ட்டைத் தொடவே இல்லை. தொட்டது நான். தம்பி உவைஸ், உன் தந்தையின் கை சுத்தமான கை.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்வது வழக்கம். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தலைவர் பொறுப்பை இந்த மேடையிலேயே விட்டுவிடுகிறேன். நாளைக் காலை வெள்ளகோவிலுக்குப் புறப்படுகிறேன். பாயிடம் வருவதை நிறுத்திக்கொண்ட ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்று, இங்கே சொன்னதை மைக் இல்லாமல் சொல்வேன்.

லட்சுமணசாமி ஐயா, முதல் வீடு உங்களுடையது. நீங்கள் இப்போது கேட்டுவிட்டீர்கள். ஆனால் சைத்ரா கேட்கவில்லை. தயவுசெய்து என்னை முந்திக்கொண்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.